குன்னூர்ல ஒரு நாள்: ஊரோட கதையை நாமளே தேடிக் கண்டுபிடிக்கிறது எப்படி

மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி போற பஸ்ஸு குன்னூர் ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் நிக்கும், எல்லாரும் இறங்கி ஒரு டீ, ரெண்டு வர்க்கி, அப்புறம் ஏறி உக்காந்துடுவாங்க, முக்கால்வாசி பேருக்கு குன்னூர்னா அவ்ளோ தான். நான் வளர்ந்த ஊர் இது, அதனால அந்தப் பஸ்ஸைப் பாக்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமா இருக்கும். ஒரு நாள், நடக்கிறதுக்கு ரெண்டு காலு, ஒரு நோட்டு, இது இருந்தா போதும், சரித்திரம் படிச்சே ஆகணும்னு இல்ல.

முதல்ல ஒரு கேள்வியை எடுத்துக்கோங்க

"குன்னூர் வரலாறு முழுக்கத் தெரிஞ்சுக்கணும்"னு கிளம்பினா மதியத்துக்குள்ள களைச்சுப் போய் போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்துடுவீங்க. ஒரே ஒரு கேள்வி போதும். பேரைப் பத்தின கேள்வின்னா ரொம்ப நல்லது, ஏன்னா யார்கிட்ட வேணா கேக்கலாம், பதிலும் கிடைக்கும். உதாரணத்துக்கு, குன்னூர்ல இருந்து சும்மா 3 கிலோமீட்டர்ல வெலிங்டன்னு ஒரு இடம் இருக்கே, மலை மேல இங்க எதுக்கு இந்தப் பேரு? இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் கேள்வியை வெச்சே போவோம்.

சொந்த வண்டில வர்றவங்க இ-பாஸ் போட்டுட்டு வாங்க, 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு அது வேணும். ஏப்ரல், மே கூட்டத்துல யாருக்கும் நின்னு பேச நேரம் இருக்காது, அதைத் தவிர்த்துடுங்க. ஸ்வெட்டர், குடை, அவ்ளோ தான்.

ரயில்ல வாங்க, ஆனா ஜன்னலை மட்டும் பாக்காதீங்க

காலைல மேட்டுப்பாளையத்துல 7.10-க்கு கிளம்பற மலை ரயிலுக்கு முன்னாடியே ரிசர்வ் பண்ணிக்கோங்க. கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பாருங்க, பல்லு பல்லா ஒரு கம்பி ஓடும், இன்ஜின்ல இருக்க பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித் தான் மேல ஏறும். இன்ஜின் முன்னாடி இழுக்காது, பின்னாடி நின்னு தள்ளும். செங்குத்தா இருக்கிற எடத்துல 12 அடி நகர்ந்தா கிட்டத்தட்ட ஒரு அடி உயரம் ஏறுது, சாதா சக்கரம் வழுக்கிடும்ல.

இப்போ குன்னூர் ஸ்டேஷன்ல ஒரு விஷயம் கவனிங்க. நீராவி இன்ஜினைக் கழட்டிட்டு டீசல் மாட்டுவாங்க, அப்புறம் ஊட்டிக்குக் கிளம்பற வண்டி கொஞ்சம் பின்னால போய்ட்டு தான் மேல திரும்பும். ஏன்னு யோசிச்சீங்களா? 1899-ல இந்த லைன் குன்னூரோட முடிஞ்சிடுச்சு, ஊட்டிக்கு நீட்டினது 1908-ல தான். கிட்டத்தட்ட 9 வருஷம் ரயிலுக்கு இது தான் கடைசி ஊரு, ஊட்டி போறவங்க எல்லாம் இங்க இறங்கி வேற வண்டி பிடிச்சாகணும். எந்த போர்டுலயும் இதை எழுத வேண்டியதே இல்ல, வண்டி பின்னால போறதே சொல்லிடுது. இந்த மாதிரி "ஏன் இப்படி இருக்கு"ன்னு உறுத்துற விஷயத்தைப் பாத்தா உடனே நோட்டுல எழுதிடுங்க.

சிம்ஸ் பார்க்குக்கு எதிர்ல நில்லுங்க

எல்லாரும் பார்க்குக்குள்ள போவாங்க, நீங்களும் போங்க, 1874-ல ஆரம்பிச்சது, மே மாசம் பழக் கண்காட்சி நடக்கும். ஆனா வெளிய வந்து எதிர்ல பாருங்க, பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். 1907-ல ஆரம்பிச்சது, நாய்க்கடிக்கு மருந்து தயாரிச்ச இடம். இதுக்குள்ள தான் 1918-ல மெக்கேரிசன்ங்கற டாக்டர் பெரிபெரி நோயைப் பத்தி, அதாவது தீட்டின அரிசியையே சாப்பிட்டு வைட்டமின் பி1 குறையறதால வர்ற நோயைப் பத்தி, ஆராய்ச்சி ஆரம்பிச்சார், அப்புறம் எலிகளைக் கூட்டம் கூட்டமா பிரிச்சு ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாப் சீக்கியர் சாப்பாடு, ஒண்ணுக்கு வங்காளத்துச் சாப்பாடு, ஒண்ணுக்கு நம்ம மெட்ராஸ் அரிசிச் சாப்பாடுன்னு குடுத்து வளர்த்தார். கோதுமை, பால், காய்கறி சாப்பிட்ட எலி கொழுகொழுன்னு வளந்துச்சு, நம்ம சாப்பாடு சாப்பிட்டது வத்திப் போச்சு. அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-ல ஹைதராபாத்துக்கு மாறி இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. அரிசியை ரொம்பத் தீட்டாதீங்கன்னு நாம இன்னைக்குக் கேக்கற பேச்சுக்குப் பின்னாடி இந்த மலையும் இருக்குன்னு நினைக்கும்போது எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

இப்போ நம்ம கேள்விக்குப் போவோம்

வெலிங்டனுக்கு டவுன் பஸ்ல போகலாம், நடந்தும் போகலாம். மிலிட்டரி ஏரியா, போட்டோ எடுக்கக்கூடாதுன்னு போர்டு இருக்க எடத்துல போனை உள்ள வெச்சிடுங்க. 1850-கள்ல பட்டாளத்துக்காக இங்க பாரக்ஸ் கட்டினாங்க, அப்போ அதோட பேரு ஜக்கதளா. அப்புறம் தான் நெப்போலியனைத் தோற்கடிச்ச பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபு நினைவா பேரை மாத்தினாங்க. 1947-ல நாடு பிரிஞ்சப்ப இப்போ பாகிஸ்தான்ல இருக்க குவெட்டாவுல இருந்த ஸ்டாஃப் காலேஜ்ல, அதாவது மிலிட்டரி ஆபீசர்களுக்குப் பயிற்சி குடுக்கற காலேஜ்ல, நம்ம பங்கு இங்க தான் வந்து உக்காந்துச்சு.

சரி, ஜக்கதளான்னா என்ன? அது அழிஞ்சு போன பேரு இல்லீங்க. பக்கத்துல இருக்க படுகர் ஊரு, படுகர்னா நீலகிரில காலங்காலமா விவசாயம் பண்ற ஜனங்க, இன்னைக்கும் அதே பேரு தான், ஜனங்க அங்க தான் இருக்காங்க. பேரு மாறினது பாரக்ஸுக்கு மட்டும் தான், ஊரு அப்படியே இருக்கு. போர்டைப் படிச்சு நகந்திருந்தா இது உங்களுக்குக் கிடைச்சிருக்காது.

பெரியவங்ககிட்ட பேசுங்க

இது தான் முக்கியமான வேலை, பாதி நாளை இதுக்கே ஒதுக்குங்க. ஹட்டிக்குள்ள, அதாவது படுகர் ஊருக்குள்ள, கேமராவைத் தூக்கிட்டு நேரா போகாதீங்க. டீக்கடைல உக்காந்து "அய்யா, நீங்க இந்த ஊருங்களா"ன்னு ஆரம்பிங்க. "பழைய வரலாறு சொல்லுங்க"ன்னு கேட்டா "அது என்னத்த சொல்றது"ன்னு நிறுத்திடுவாங்க, "தேயிலைக்கு முன்னாடி இங்க என்ன போட்டீங்க"ன்னு கேட்டுப் பாருங்க, ராகி, சாமை, உருளைக்கிழங்குன்னு பேச்சு தானா ஓடும், அங்க இருந்து மத்த மலை ஜனங்களான கோத்தர் அடிச்சுக் குடுத்த இரும்பு, தோடர் நெய்யி, குறும்பர் தேன்னு அந்தக் காலக் கொடுக்கல் வாங்கல் வரைக்கும் போகும்.

இன்னொரு கதையும் இருக்கு, இதை டூரிஸ்ட் யாரும் கேக்கறதே இல்ல. தேயிலை பறிக்கிற அக்காகிட்ட "சொந்த ஊரு எது"ன்னு கேட்டா சில பேரு மாத்தளை, அட்டன், நுவரெலியான்னு சொல்லுவாங்க. 1964-ல இந்தியா, இலங்கை பிரதமர்கள் போட்ட சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைல இருந்து வந்த குடும்பங்க, அவங்களுக்கு வேலை குடுக்கத்தான் தமிழ்நாடு அரசாங்கம் டேன்டீங்கற பேர்ல தேயிலைத் தோட்டங்களைப் போட்டுச்சு. மெதுவா கேளுங்க. சொல்லப் பிடிக்கலன்னா விட்டுடுங்க, அந்த வலி நமக்குக் காமிக்கிறதுக்கு இல்ல.

எழுதினதைத் திருப்பிப் படிச்சுக் காட்டுங்க

யார் சொன்னது, என்ன வயசு இருக்கும், எங்க உக்காந்து பேசினீங்க, என்னைக்கு, இந்த நாலையும் மேல எழுதிட்டு அப்புறம் கதையை எழுதுங்க. வருஷம் சொன்னா அப்படியே நம்பிடாதீங்க, "ரயிலு டீசல் ஆனதுக்கு முன்னயா, பின்னயா" மாதிரி இன்னொரு விஷயத்தோட சேத்துக் கேளுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க முன்னாலயே ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. நான் முதல் தடவை அப்படிப் படிச்சப்போ பாட்டி நடுவுல நிறுத்தி "எங்க மாமனார் இல்ல சாமி, மாமனாரோட அண்ணன்"ன்னாங்க, அந்த அண்ணன் பாரக்ஸ்ல பால் ஊத்தினவராம், அதுல இருந்து புதுசா ஒரு மணி நேரம் பேசினாங்க, நோட்டுல பக்கம் தீந்து போய் பஸ் டிக்கெட் பின்னாடி எழுதிக்கிட்டு தான் கடைசி வண்டி ஏறினேன். அதனால ரெண்டு நோட்டு எடுத்துட்டுப் போங்க.