சைன் அலையைப் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை, பகல் நீளம், கடல் ஓதம் என மீண்டும் மீண்டும் வருபவற்றை 'நடுநிலை + வீச்சு × சைன்(கோண வேகம் × நேரம் − கட்டம்)' என்ற வடிவில் எழுதலாம் எனக் கற்றவுடன், கண்ணில் படும் எல்லாத் தரவிலும் அதைப் பொருத்திப் பார்க்கும் ஆவல் வருவது இயல்பே. பாகையையும் ரேடியனையும் குழப்புவது, உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாதியாக்காமலே வீச்சாக எழுதுவது போன்றவை விடையை ஒருமுறை சரிபார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு சரியாக இருந்தும் முடிவு தவறாகிவிடும் இடங்கள் வேறு.

இரு முகடுகளுக்கு ஓர் அலை

தாமிரபரணி உற்பத்தியாகும் மலைகளுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு; கார், பிசானம் என இரு நெற்பருவங்கள் இங்கே நிலைத்ததற்கு அதுவே அடிப்படை. ஆண்டில் இருமுறை ஏறி இறங்கும் இந்த நீர்வரத்துக்கு 12 மாதக் காலம் கொண்ட ஒரே அலையைப் பொருத்திக் கொண்டுவருபவர்கள் இன்னும் குறைந்தபாடில்லை. ஜூலையை ஒட்டி ஒரு முகடும் நவம்பரை ஒட்டி மற்றொன்றும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தால், மீச்சிறு வர்க்க முறை (புள்ளிகளுக்கும் வளைகோட்டுக்கும் உள்ள விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டலை மிகக் குறைவாக்கும் பொருத்தல் முறை) இரண்டுக்கும் நடுவே, செப்டம்பரில், உச்சத்தை வைத்துவிடும். கார் அறுவடை நடந்து, பிசானத்துக்கு நாற்று பாவ நீரை எதிர்நோக்கியிருக்கும் இடைவெளியில்தான் ஆறு பெருகி ஓடும் என்று அந்த வளைகோடு சொல்கிறது. அதை நம்பி அணைநீரைப் பங்கிட்டால் இரு பருவமும் கெடும்.

அண்மையில் ஒரு மாணவர் இத்தகைய வரைபடத்தைக் காட்டி, வளைகோட்டை விட்டு விலகி நின்ற புள்ளிகளுக்கு, மழை என்றால் இப்படித்தான் சிதறும் என்று விளக்கம் சொன்னார். எச்சங்களை, அதாவது தரவிலிருந்து வளைகோட்டைக் கழித்தபின் மிஞ்சியவற்றை, மட்டும் தனியே வரையச் சொன்னபோது, அவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக ஏறி இறங்கின. சிதறல் என்று அவர் தள்ளியதற்குள்தான் ஆற்றின் இரண்டாவது பருவம் இருந்தது. ஒரே வடிவமும் உயரமும் கொண்ட இரு முகடுகள் சரியாக ஆறு மாத இடைவெளியில் வந்திருந்தால், ஆண்டலையின் (12 மாத அலையின்) வீச்சு சுழியமாகி வெறும் கிடைக்கோடு மட்டுமே மிஞ்சியிருக்கும். பருவமே இல்லாத ஊர் என்று முடிவெழுதவும் அப்போது ஆள் இருந்திருக்கும்.

12 மாத அலையோடு 6 மாத அலை ஒன்றையும் கூட்டுவதே வழி. முதல் அலையின் முகடும் இரண்டாவதன் பள்ளமும் செப்டம்பரில் விழுந்து, இரண்டாவதன் வீச்சு முதலாவதில் பாதியாக இருந்தால், முகடுகள் சரியாக நான்கு மாத இடைவெளியில் அமையும். வெயிலைக் கணிப்பவர்களுக்கும் இது பொருந்தும். சித்திரை பிறப்பை ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் இறுதியில் ஒருமுறையும் சூரியன் நெல்லையின் தலைக்கு நேரே வருகிறது.

எதிர்ம மழை

பொருத்திய மாதிரி, அதாவது அந்தச் சைன் சமன்பாடு, மார்ச்சில் சுழியத்துக்குக் கீழே மழையைக் காட்டினால், எண்ணைத் திருத்தாமல் மாதிரியைத் திருத்துக.

கட்டத்தை நாளாகப் படிப்பது

திருநெல்வேலியின் பகல் நீளத்துக்கு நடுநிலை ஏறத்தாழ 12 மணி 7 நிமிடம், வீச்சு சுமார் அரை மணி நேரம். அதன் அலையை சைன்(0.0172 × நாள் − 1.38) என்று எழுதினால், கட்டமான 1.38 என்பதைப் பார்த்து, அலை ஒன்றரை நாள்கூடத் தள்ளவில்லை என்பார்கள். அது ரேடியனில் உள்ள கோணம், 0.0172 ஆல் வகுத்தால்தான் 80 நாள் கிடைக்கும், ஜனவரி முதல் நாளை ஒன்றாகக் கொண்டு எண்ணினால் அது மார்ச் 21, சம இரவு நாளை ஒட்டி வருகிறது.

ஓதத்துக்கு 12 மணி நேரம்

திருச்செந்தூர், மணப்பாடு கடற்கரையில் நிலவால் எழும் முதன்மை ஓதத்தின் காலம் 12 மணி 25 நிமிடம். அதை 12 என்று முழுமையாக்கினால் நாளுக்கு 50 நிமிடம் பிழை சேர்ந்து, ஒரு வாரத்தில் ஏற்றமும் வற்றமும் இடம் மாறிவிடும்.

அரைச் சுற்றுத் தரவு

ஓராண்டு முடியாத அளவீடுகளிலிருந்து ஆண்டலையின் காலத்தைக் கணிக்க வேண்டாம்.