லிஃப்ட் போட்ட வண்டிக்கு காஸ்டர் புஷ் மாற்றுவது எப்படி?

வண்டியின் உடலை உயர்த்தும் 50 மி.மீ. லிஃப்ட் கிட் போட்ட மறுநாளே என் வண்டியின் குணம் மாறிவிட்டது. மண் பாதையில் ஒன்றும் தெரியவில்லை. தார்ச் சாலையில் வேகம் 80-ஐத் தொட்டதும் இடமும் வலமுமாக அலைய ஆரம்பித்தது. வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. டயர் காற்று, டோ அலைன்மென்ட் (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்காமல் நேராக நிற்கும் அளவு), சக்கரங்களைத் திருப்பும் டை ராட் முனைகள் எல்லாம் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தன. கோளாறு காஸ்டர் கோணத்தில் இருந்தது.

முன் சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அதன் மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும், சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது மாதிரி. அந்தச் சாய்வுதான் காஸ்டர். ஸ்டியரிங்கை நேருக்கு இழுத்து வருவதும் அதுதான். ரேடியஸ் ஆர்ம் என்பது ஆக்சிலை சேஸிஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, இணைக்கும் நீளமான கை. அது வைத்த வண்டியில் லிஃப்ட் போட்டால் ஆர்மின் பின்முனை சேஸிஸோடு மேலே போய்விடுகிறது, முன்முனையில் கட்டியிருக்கும் ஆக்சில் முன்பக்கமாக உருண்டுவிடுகிறது. ஆர்ம் 700 மி.மீ. நீளம் என்றால் 50 மி.மீ. உயரத்துக்குச் சுமார் 4 டிகிரி போய்விடும். கம்பெனி வைத்திருப்பதே சில டிகிரிதான்.

இந்த முறை சுசுகி ஜிம்னி, நிசான் பேட்ரோல் (பழைய Y60, Y61), டொயோட்டா லேண்ட் க்ரூசர் 80 சீரிஸ் போல, முன்னால் திட ஆக்சிலும் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) ரேடியஸ் ஆர்மும் உள்ள வண்டிகளுக்கானது. ஜீப் ராங்ளரில் மேலும் கீழுமாகத் தனித்தனி கைகள் இருப்பதால் அதற்கு வழி வேறு.

எந்த புஷ் வாங்குவது

புஷ் என்பது ஆர்மின் வளையத்துக்குள் உட்காரும் மெத்தை, அதன் நடு ஓட்டை வழியாகத்தான் போல்ட் போகும். காஸ்டர் புஷ்ஷில் ஓட்டை நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளியிருக்கும், அதனால்தான் போன காஸ்டர் திரும்பக் கிடைக்கிறது. ரப்பரிலும் கிடைக்கிறது, பாலியூரித்தேனிலும் கிடைக்கிறது. நான் ரப்பர் பக்கம்தான். பாலி மாட்டுவது சுலபம், ஆனால் விறைப்பாக இருக்கும். ரேடியஸ் ஆர்மில் ஆக்சில் பக்கம் உள்ள இரண்டு புஷ்ஷும் நெளிந்து கொடுத்தால்தான் ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது ஆக்சில் தாராளமாகச் சாயும். பாலி வாங்கினால் கிட்டோடு வரும் சிலிக்கான் கிரீஸை மட்டுமே பூசுங்கள். ரப்பருக்கு சோப்புத் தண்ணீர் போதும், எந்த எண்ணெயும் கிரீஸும் வேண்டாம்.

கருவிகளில் ஹைட்ராலிக் பிரஸ்ஸை விட்டுக்கொடுக்க மாட்டேன். திருகுக் கம்பியும் குழாய்த் துண்டும் வைத்து இழுக்கலாம் என்பார்கள். ஒரு புஷ்ஷுக்கு அப்படி முயன்று அரை நாள் போய்விட்டது. பழைய ரப்பரை நெருப்பு வைத்து எரிப்பதும் வேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல. பிரஸ் இல்லையென்றால் ஆர்மை மட்டும் கழற்றி ஒரு பட்டறைக்கு எடுத்துப் போங்கள். கூடவே டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), இறுகிய போல்ட்டை இளக்க நீளமான பிரேக்கர் பார், இழுத்துக் கட்ட ராட்செட் ஸ்ட்ராப், டிஜிட்டல் கோணமானி, வெள்ளை பெயின்ட் மார்க்கர்.

கழற்றுவது

முந்தின நாள் மாலையே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆக்சில் பக்கத்தில் ஏதாவது ஒரு தட்டையான பரப்பில் கோணமானியை வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதற்கும் ஒரு கோடு போடுங்கள், முடிந்த பிறகு அதே இடத்தில்தான் அளக்க வேண்டும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை, சேஸிஸுக்கு ஸ்டாண்ட், ஆக்சிலுக்குக் கீழே ஜாக்கி. முன் சக்கரங்களைக் கழற்றுங்கள். ஆர்மில் பிரேக் ஹோஸோ ஏபிஎஸ் ஒயரோ கிளிப் போட்டிருந்தால் விடுவித்துவிடுங்கள். அப்புறம் ஆக்சில் பக்கம் இரண்டு போல்ட், சேஸிஸ் பக்கம் ஒரு நட்டு. ஒரு சமயத்தில் ஒரு ஆர்ம் மட்டும்தான் வெளியே வர வேண்டும்.

ஓட்டை எந்தப் பக்கம்

எனக்குப் பிசகிய இடம் இது.

காஸ்டரைக் கூட்ட வேண்டுமென்றால் ஆக்சிலின் மேல்பாகம் பின்னால் போக வேண்டும். அதாவது ஆக்சிலின் முன் பிராக்கெட் மேலேறும், பின் பிராக்கெட் கீழிறங்கும். ஆகவே ஆர்மில் முன் புஷ்ஷின் ஓட்டை மேல்நோக்கியும், பின் புஷ்ஷின் ஓட்டை கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். இரண்டு போல்ட்டுக்கும் இடையே 150 மி.மீ., ஒவ்வொரு ஓட்டையும் 4 மி.மீ. தள்ளியிருக்கிறது என்றால் 3 டிகிரி திரும்பக் கிடைக்கும். சில கிட்டுகளில் ஒரு புஷ்ஷில் மட்டும்தான் ஓட்டை தள்ளியிருக்கும், அதனால் கூட வரும் தாளைப் படித்துவிடுங்கள்.

நான் இடது ஆர்மைச் சரியாக அழுத்திவிட்டு, வலது ஆர்மை மேசையில் தலைகீழாக வைத்துவிட்டேன். மேசையில் பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. வண்டியில் மாட்டும்போது ஒரு போல்ட் உள்ளே போனது, அடுத்தது ஒன்றரை சென்டிமீட்டர் விலகி நின்றது. ஸ்ட்ராப்பை இன்னும் இரண்டு பல் இறுக்கினால் வந்துவிடும் என்று நினைத்து இறுக்கிக்கொண்டே இருந்தேன். வரவில்லை. மறுபடி பிரஸ்ஸுக்குப் போய் வெளியே தள்ளியதில் இரண்டு புது புஷ்ஷும் கிழிந்தன.

உண்மையில் எனக்கு அதிர்ஷ்டம்தான். இரண்டு ஆர்மிலும் தலைகீழாக மாட்டியிருந்தால் எல்லா போல்ட்டும் அழகாக உள்ளே போயிருக்கும், காஸ்டர் இன்னும் 3 டிகிரி குறைந்திருக்கும்.

அதனால் ஆர்ம் வண்டியில் இருக்கும்போதே அதன் மேல்புறத்தில் பெயின்ட்டால் "மேல்" என்றும், முன் புஷ் பக்கம் "முன்" என்றும் எழுதிவிடுங்கள். புது புஷ்ஷில் ஓட்டை தள்ளியிருக்கும் திசையில் ஒரு கோடு, ஆர்மின் வளையத்தில் அதற்கு நேராக ஒரு கோடு. அழுத்தும்போது வெளி உறையை மட்டுமே பிரஸ் தொட வேண்டும். பாதி இறங்கியதும் நிறுத்திக் கோடுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முழுவதும் இறங்கிய இரும்பு உறையைத் திருப்ப முடியாது.

மாட்டுவது

முதல் பக்கம் ஆர்மை ஏற்றும்போது பின் போல்ட்டை மட்டும் போடுங்கள். எதிர்ப்பக்கப் பழைய ஆர்ம் ஆக்சிலை பழைய கோணத்திலேயே பிடித்திருப்பதால் முன் போல்ட் சேராது, அது இயல்பு. இரண்டாவது ஆர்மும் பின் போல்ட்டில் ஏறியதும், டிஃபரென்ஷியலின் (ஆக்சிலில் உள்ள உருண்டையான கியர் பெட்டி) மேல்பாகத்திலிருந்து பின்னால் உள்ள சேஸிஸ் குறுக்குச் சட்டத்துக்கு ஸ்ட்ராப் கட்டி மெதுவாக இழுங்கள். ஆக்சில் உருண்டு முன் ஓட்டைகள் நேராகும்.

இப்போது எதையும் முழுசாக இறுக்காதீர்கள். சக்கரங்களைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அந்த உயரத்தில் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

கடைசியாகக் கோணமானியை அதே கோட்டில் வையுங்கள். எனக்கு 3 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக மாறியிருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு முனைக்கும் திருப்பி பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டு, டோ அலைன்மென்ட்டுக்குப் போங்கள்.

பிறகு சேர்த்தது

புஷ் மாற்றியபின் ஃபோர் வீல் டிரைவில் அதிர்வு வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். காஸ்டரைக் கூட்டும்போது டிஃபரென்ஷியலின் மூக்கும் கீழே சாய்கிறது, அதற்குச் சக்தி கொண்டுவரும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் கோணம் கூடுகிறது. லிஃப்ட் அதிகமாக இருந்தால் இது தவிர்க்க முடியாதது. அதனால் இழந்த காஸ்டர் முழுவதையும் மீட்கப் பார்க்காமல், ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முன் ஆக்சில் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது என்று இன்னொருவர் கேட்டார். அது காஸ்டர் புஷ்ஷால் வருவதல்ல, பான்ஹார்ட் ராடால் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கும் குறுக்குக் கம்பி) வருவது. உயரம் கூடும்போது ராடின் சாய்வு கூடி, சேஸிஸில் அது கட்டியிருக்கும் பக்கமாக ஆக்சிலை இழுக்கிறது. நீளத்தை மாற்றக்கூடிய ராட் போட்டு, இரண்டு பக்கமும் சேஸிஸிலிருந்து சக்கரம் வரை அளந்து சரிசெய்துவிட்டு, ஸ்டியரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கில் ஸ்டியரிங்கை நேராக்குங்கள்.