கனடாவில் படகு வாங்கிய நம் ஊர்க்காரர்களுக்கு: குளிர்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை

கடலூர் முதுநகரிலோ வீராம்பட்டினத்திலோ வளர்ந்தவருக்குப் படகை ஓய்வில் போட்டு வைப்பது புதுச் சங்கதி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் விசைப்படகு கரை ஏறும், எஞ்சினைப் பிரிப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். அந்தக் கைப்பழக்கத்தோடு ஒன்டாரியோ போய், சிம்கோ ஏரியில் தூண்டில் போட ஒரு பழைய படகு வாங்கும் பிள்ளைகளுக்காக இதை புதுச்சேரியில் இருந்து எழுதுகிறேன். எஞ்சின் தெரிந்தவர்தான் அங்கே முதல் குளிரில் ஏமாறுகிறார்.

நம் கரையில் எஞ்சினைத் தின்பது உப்பு. ஏரியில் உப்பு இல்லை. உள்ளே தங்கிப்போன தண்ணீர்தான் தொல்லை. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அந்த நெருக்கலில் எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கே பிளந்துவிடும். விரிசல் விழுந்தது அப்போது தெரியாது, வசந்தத்தில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப் போய்விடாதீர்கள். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை அங்கே நன்றி நவிலல் விடுமுறை. அந்த வார இறுதிக்குள் வேலையை முடித்துவிடுவது நல்லது.

முதலில் பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும், கார்புரேட்டரில் பிசின் கட்டும். டாங்கை ஏறக்குறைய நிரப்பி, ஸ்டெபிலைசர் என்று கடையில் விற்கும் திரவத்தை அளவாக ஊற்றுங்கள். அப்புறம் எஞ்சினைப் பத்து நிமிடமாவது ஓட்ட வேண்டும். மருந்து டாங்கோடு நின்றுவிடாமல் கார்புரேட்டர் வரை போய்ச் சேரட்டும். கரையில் வைத்து ஓட்டும்போது தண்ணீர் உறிஞ்சும் துளைகள் மேல் ரப்பர் கப்பை மாட்டி, ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்ட பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். கதவு மூடிய கராஜுக்குள் மட்டும் ஓட்டவே வேண்டாம். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் உள்ள அமிலமும் ஈரமும் பேரிங்கை அரிக்கும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஃபாகிங் ஆயில் ஸ்பிரேயைச் சிலிண்டருக்குள் அடித்து, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்தால் உள்சுவரில் எண்ணெய் படியும், துரு ஏறாது.

படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் என்றால் பாதி வேலை முடிந்தது. அதை நேராக நிறுத்தி வைத்தாலே குளிர்விக்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும், சாய்த்து வைக்காதீர்கள். கியர் ஆயிலையும் திறந்து பாருங்கள். கீழ்த் திருகு, அப்புறம் மேல் திருகு. பால் ஊற்றிய டீ மாதிரி வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதை அப்படியே விட்டால் உறைந்து கியர் கூட்டை உடைக்கும். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேலே வழியும்வரை நிரப்பி, புது வாஷர் போட்டு மூடுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான்.

உள்ளே எஞ்சினும் வெளியே புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவும் உள்ள படகுதான் கஷ்டமானது. பிளாக்கிலும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் வடிகால் திருகுகள் இருக்கும். திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நம்பாதீர்கள், துரு அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிடுங்கள். முழுவதும் வடிந்த பிறகுதான் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் மருந்து. வடிக்காமல் ஹோஸ் வழியாக ஊற்றுவது சோம்பேறி வழி: சூட்டைப் பார்த்துத் தண்ணீர் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட் மூடியிருந்தால் மருந்து பிளாக்குக்குள் போகவே போகாது, போனாலும் தண்ணீரோடு கலந்து வீரியம் குறையும். டப்பாவில் மைனஸ் 50 என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு. அதற்கு வெகு முன்பே அது கூழாகிவிடும். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் வேண்டாம். அது நாய் பூனைக்கு விஷம். புரொப்பிலீன் கிளைகால் என்று கேட்டு வாங்குங்கள். இந்த வகைப் படகு வாங்கியவர் முதல் வருஷம் கூலி கொடுத்து மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்ப்பதே என் யோசனை. உடைந்த பிளாக்கோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி ஒன்றுமில்லை.

பேட்டரியைக் கழற்றி முழுச் சார்ஜில் வையுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரிதான் உறையும்.

படகில் தேங்கிய தண்ணீர் வடிய அடித் திருகைக் கழற்றி, முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். கழற்றியதைப் பையில் போட்டு ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். அது இல்லாமல் வசந்தத்தில் ஏரியில் இறக்கினால் கரையிலேயே முழுகும். தார்ப்பாயை நடுவில் கூரைபோல உயர்த்திக் கட்டினால் பனி வழுக்கி விழும். ஓரத்தில் காற்றுப் போக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மெத்தையெல்லாம் பூசணம் பிடிக்கும். சாப்பாட்டுத் துணுக்கு எதுவும் உள்ளே கிடக்க வேண்டாம், எலி குடும்பத்தோடு வந்துவிடும்.

பழைய ஆயிலையும் வடித்த மருந்தையும் சாக்கடையில் ஊற்றாமல், நகராட்சி அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கேனோடு கொடுத்துவிடுங்கள்.