செகண்ட் ஹேண்டில் டூரிங் வண்டி வாங்கப் போறீங்களா? ஒரு உருண்டை நூல் எடுத்துக்கோங்க

போன வருசம் ஆனி மாசம் ஈரோட்டில் ஒரு புரோக்கரிடம் 400 சிசி வண்டி ஒன்று வாங்கினேன். எந்த வண்டி என்று கேட்காதீர்கள். பாவம், அதன் மேல் தப்பே இல்லை. மூன்றாம் நாளே பழனிக்குக் கிளம்பிவிட்டேன். காங்கேயம் தாண்டி தாராபுரம் ரோடு பிடித்ததும் வண்டி இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் அங்கே ஆளையே தள்ளும். சுற்றிலும் காற்றாலை நட்டு வைத்திருப்பது சும்மாவா? காற்று மேற்கே இருந்து அடிக்கிறது, நான் தெற்கே போகிறேன், அப்போ இடதுபக்கம்தானே தள்ளும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அதே காற்று என்னை வலதுபக்கம் தள்ள வேண்டும். வண்டி அப்போதும் இடதுபக்கமே இழுத்தது. இது மண்டைக்குள் ஏற எனக்கு இன்னும் மூன்று பழனிப் பயணம் தேவைப்பட்டது.

கடைசியில் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறைக்காரர் முன்சக்கரத்துக்கு நேராக உட்கார்ந்து ஒரு பார்வைதான் பார்த்தார். "ஏனுங்ணா, இது எங்கியோ வுழுந்த வண்டியாட்ட இருக்குதுங்களே" என்றார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் அதைப் பிடித்திருக்கும் டி-யும் வளைந்திருந்தன. வண்டிக்குப் பெண்டு எடுத்த செலவில் எனக்கும் பெண்டு நிமிர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் மாமன் மகனுக்கு ஒன்று, கூட வேலை செய்கிறவருக்கு ஒன்று, திரும்ப எனக்கே ஒன்று என மூன்று வண்டி பார்த்து வாங்கியாயிற்று. இந்த முறை மூன்றும் நேராக ஓடுகின்றன. நான் பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். பிரேக், லைட், ஹாரன் எல்லாம் பார்க்க உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: எந்த வண்டி

நம்ம பக்கத்து ஆட்கள் டூர் என்றால் பெரும்பாலும் மலை ஏறுவோம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இந்த வளைவுகளில் வேகம் காட்ட வேலையே இல்லை. எடையும் கால் எட்டுவதும்தான் முக்கியம். வாங்கப் போகிற வண்டியில் உட்கார்ந்து, லேசான சரிவில் பின்னால் தள்ளிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் வேண்டாம். இன்டர்செப்டர் 650 அருமையான வண்டிதான், ஆனால் 200 கிலோவுக்கு மேல். வீட்டம்மாவும் இரண்டு பையும் ஏறினால் எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இது. எண்பதில் போய், வழியில் நிறுத்தி டீ குடிக்கிறவருக்கு 350 சிசி போதும். சேலம், கிருஷ்ணகிரி வழியாக நாலுவழிச் சாலையில் அடிக்கடி பெங்களூர் போகிறவருக்கு டாமினார் 400. 373 சிசி, கூலன்ட் என்ற திரவம் ஓடிக் குளிர்விக்கும் இன்ஜின், ஆறு கியர், அலாய் வீல். கெட்ட ரோட்டுக்கு ஹிமாலயன் 411. 15 லிட்டர் டேங்க், நின்றுகொண்டே ஓட்டலாம், ஆனால் நூறைத் தாண்டினால் முனகும். ஸ்போக் வீலில் ட்யூப் இருப்பதால் ஆசனூர்க் காட்டுக்குள் பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். எனக்கு அது ஒத்துவராது, நான் ட்யூப்லெஸ் கட்சி.

வருசம் பார்க்கும்போது இரண்டு தேதி ஞாபகம் இருக்கட்டும். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேல் விற்கும் வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம், அதாவது அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் சாமான். 2020 ஏப்ரலில் இருந்து பிஎஸ் 6 என்கிற புகை விதி. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் மழையில் மலை இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

படி 2: பார்க்கப் போகும் முன் பேப்பர்

வண்டி நம்பரை வாங்கி எம்-பரிவாகன் ஆப்பில் போடுங்கள். பதிவு தேதி, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் பக்கத்தில் அபராதம் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். "ட்யூ எல்லாம் கட்டியாச்சுங்ணா" என்று வாயால் சொன்னால் பத்தாது. ஃபைனான்ஸ் பேர் ஆர்சியில் நிற்கும் வரைக்கும் வண்டி முழுசாக அவருடையது இல்லை. பேங்க் என்ஓசியும், ஆர்சியில் ஃபைனான்ஸ் பேரை நீக்கும் படிவம் 35-ம் கையில் வர வேண்டும். பேர் மாற்ற படிவம் 29, 30. கர்நாடகா, கேரளா வண்டி விலை குறைவாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த ஊர் ஆர்டிஓ என்ஓசி, இங்கே திரும்பவும் ரோடு டாக்ஸ், அலைச்சல் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் பெரிய மிச்சம் ஒன்றும் இருக்காது.

படி 3: காலையில் போங்கள், வண்டி ஆறியிருக்க வேண்டும்

"நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் இன்ஜினைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த டீ மாதிரி தெரிந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது, மேலே பேச வேண்டாம். கூலன்ட் வண்டி என்றால் ஃபேன் சுற்றும் வரைக்கும் ஐடிலில் விட்டுக் காத்திருங்கள். ஃபேன் ஓடாத வண்டியைச் சித்திரை வெயிலில் அவினாசி ரோட்டு டிராஃபிக்கில் நினைத்துப் பாருங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். கண்ணபுரம் சந்தையில் மாட்டுக்கு வயசு சொன்னால் யாராவது அப்படியே நம்புகிறார்களா? வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள். வண்டிக்குப் பல் எது என்றால் பிரேக் டிஸ்க், கால் வைக்கும் ரப்பர், கைப்பிடி, சாவித் துவாரம். டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். 12,000 கிலோமீட்டர் என்று காட்டுகிற வண்டியில் டிஸ்க் விளிம்பில் விரல் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் சிரித்துவிட்டு வாருங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ம் வாரம். பட்டன் (டயரின் மேல் வெட்டு) நன்றாக இருந்தாலும் காய்ந்துபோன டயரில் டூர் போகக்கூடாது, புது டயர் காசை விலையில் கழியுங்கள்.

படி 4: நூல் (நான் ஏமாந்த இடம்)

இதற்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஹேண்டிலை முழுசாக இடம், வலம் திருப்பினால் ஃப்ரேமில் ஒரு சின்ன முட்டு வந்து தடுக்கும். அந்த முட்டில் நசுங்கலோ புதுப் பெயின்டோ இருந்தால் வண்டி முன்பக்கமாக எதிலோ மோதியிருக்கிறது. ஹேண்டில் கழுத்தைச் சுற்றி ஃப்ரேம் பெயின்டில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, சைலன்சர் அடியில் உரசல் என்றால் சாதாரணமாகச் சாய்ந்ததாகவும் இருக்கலாம், அதற்கெல்லாம் வண்டியை ஒதுக்க வேண்டாம். என் முதல் வண்டியில் அந்த முட்டில் பளபளவென்று கறுப்புப் பெயின்ட் இருந்தது. "சுத்தமா வச்சிருக்காரே" என்று நினைத்தேன்!

இப்போது நூல். கொத்தனார் பிடிக்கும் நைலான் நூல்தான் நல்லது, பருத்தி நூல் தொய்யும். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். அது கோணலாக இருந்தால் நூலும் கோணலாகத்தான் காட்டும். கோணலாக இருந்தால் சரி செய்யச் சொல்லிவிட்டு அப்புறம் பாருங்கள்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நூலின் நடுப்பகுதியைப் பின்டயரின் பின்பக்கம் சுற்றி, இரண்டு முனைகளையும் வண்டியின் இருபக்கமும் முன்னால் கொண்டுவாருங்கள். ஸ்டாண்டு கால், சைலன்சர் எதிலும் நூல் உரசாத உயரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் நின்று இரண்டையும் இழுத்து, பின்டயரின் முன் விளிம்பை நூல் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடிக்க வேண்டும். முன்டயர் ஒல்லி என்பதால் நூலுக்கும் அதற்கும் இருபக்கமும் இடைவெளி இருக்கும். ஹேண்டிலை நேராக வைத்து அந்த இடைவெளியை அளந்து பாருங்கள். இடமும் வலமும் ஒன்றாக இருந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் நம் கை நடுக்கத்திலேயே வரும். என் முதல் வண்டியைப் பட்டறையில் இப்படிப் பார்த்தபோது ஒரு பக்கம் ஒரு விரல் போனது, இன்னொரு பக்கம் நூலே டயரைத் தொட்டது.

கையோடு கோன் செட்டையும் (ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கும் பேரிங்) பார்த்துவிடலாம். சென்டர் ஸ்டாண்டில் கூட வந்தவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி, முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் உட்காருகிற மாதிரி நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது. இது மாற்றக்கூடிய சாமான்தான், பயப்பட வேண்டாம், விலையில் குறையுங்கள்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு "நெம்ப நல்லாருக்குதுங்க" என்று சொல்லி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரே ரோட்டில் போய், அதே ரோட்டில் திரும்பி வாருங்கள். காற்று என்றால் போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் தள்ளும். வண்டி கோணல் என்றால் இரண்டு தடவையும் ஒரே பக்கம்தான். ரோட்டு ஓரம் சரிவாக இருக்கும், அதுவும் இடதுபக்கம் இழுக்கும், அதனால் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ரோட்டின் நடுமேட்டில் ஓட்டுங்கள். கையை விட்டு ஓட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

கூட ஒருவரை ஏற்றியும் ஓட்டுங்கள். பின் சஸ்பென்சன் தொய்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

கூடவே வரும் பெட்டி, ஃபாக் லேம்ப், கிராஷ் கார்டுக்கெல்லாம் தனி விலை சொல்வார்கள். நான் ஒரு பைசா சேர்ப்பதில்லை. ரிலே இல்லாமல் வயரைக் கிள்ளி மாட்டிய ஃபாக் லேம்ப் இருந்தால் விலையைக் குறைத்துத்தான் கேட்பேன், ராத்திரி நடுவழியில் ஃபியூஸ் போனால் நிற்கப்போவது நாம்தான்.

பின்சேர்க்கை 1: கோபியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பார்த்த வண்டி நல்ல வண்டி, விற்கிறவர் மகன், ஆர்சி இறந்துபோன அப்பா பேரில். மகன் கையெழுத்துப் போட்டால் செல்லாதுங்க. முதலில் படிவம் 31 போட்டு வாரிசு பேருக்கு மாற்றி, அப்புறம்தான் உங்களுக்கு. காத்திருக்க முடியாது என்றால் வேறு வண்டி பாருங்கள்.

பின்சேர்க்கை 2: பேர் மாறியதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் வாங்காமல் இருந்ததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதைச் சொல்லி யாராவது விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள். இதை நான் முதலில் எழுத மறந்துவிட்டேன், திருப்பூர்த் தம்பி ஒருவர் ஞாபகப்படுத்தினார்.

பின்சேர்க்கை 3: "என் வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்டே இல்லீங்ணா, நூல் எப்படிப் பிடிக்கிறது?" என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் வண்டி மேல் உட்காராமல் பக்கத்தில் நின்று நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் நூல் பிடிக்க வேண்டும். கோன் செட்டுக்கு முன்பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டில் கழுத்துச் சேர்கிற இடத்தில் கூட வந்தவர் விரல் வைத்திருக்கட்டும். 'டக் டக்' என்று தட்டினால் அவருக்குத் தெரியும். அதனால் தனியாக மட்டும் போகாதீர்கள்.