ஸ்ரோரேஜ் ஹீற்றர், சோலார், டாரிஃப்: திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள்

போன ஜனவரியில் இங்கிலாந்தில் கென்ற் பக்கம் ஒரு கிராமத்துக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தேன். கீழே கடை, மேலே வீடு. காஸ் இல்லாத தெரு. வீட்டில் மூன்று ஸ்ரோரேஜ் ஹீற்றர் (இரவு மலிவுக் கரண்டில் சூடேறி, பகலில் அந்தச் சூட்டை விடுபவை), கூரையில் புதிதாகப் போட்ட பத்து சோலார் பனல். கடைக் குளிர்ப்பெட்டிக்கு ஒரு லைன் இழுக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து தேத்தண்ணி தந்தபோது கடைக்கார அக்கா சந்தோஷமாகச் சொன்னார்: "தம்பி, டாரிஃப் மாத்தினாப் பிறகு ஹீற்றர் எல்லாம் முந்தியைவிட நல்லாச் சுடுது. பின்னேரத்திலயும் சூடு நிக்குது."

அவர் சொன்ன டாரிஃப் கரண்டின் விலைத் திட்டம். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போது பின்னேரம் 3 மணி. இரவில் சூடேறிய பழைய ஹீற்றர் அந்த நேரத்துக்கு இளஞ்சூட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். மேல்பக்கத்தில் கையை வைத்தேன், வைத்த கையை உடனே எடுக்க வேண்டியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே போய் மீற்றரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு நொடிக்கு இரண்டு தடவை மின்னிக்கொண்டிருந்தது. அந்த மீற்றரில் 1000 மின்னல் ஒரு யூனிற். அப்படியென்றால் பட்டப்பகலில், பகல் விலையில், ஏழு கிலோவாற்றுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என் வீட்டிலேயே இதே பிழையை நான் செய்தேன். வயரிங்தான் என் தொழில். அப்படியிருந்தும் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பில்லை ஒழுங்காகப் படியுங்கள், ஒப்பிட்டுப் பாருங்கள் என்ற புத்திமதி எல்லா இடத்திலும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

விலையைப் பார்க்கிறோம், சுவிச்சைப் பார்ப்பதில்லை

இங்கிலாந்தில் பழைய ஸ்ரோரேஜ் ஹீற்றருக்குத் தனி பியூஸ் போர்ட் இருக்கும். அந்தப் போர்ட்டுக்கு நாள் முழுக்கக் கரண்ட் வராது. மீற்றரோடு சேர்ந்த ஒரு ரைம் சுவிச் இரவில் மட்டும் திறந்துவிடும். 1978இல் எக்கொனமி 7 வந்த காலத்தில் இருந்து ஏற்பாடு இதுதான்: இரவில் ஏழு மணித்தியாலம் கரண்ட் மலிவு, அந்த ஏழு மணித்தியாலமும் ஹீற்றருக்குள் இருக்கும் கனமான கல்லுகள் சூடேறும், பகலில் அந்தச் சூடு மெல்ல வெளியே வரும். எங்கள் வீட்டில் இரவு 12.30க்கு மீற்றர் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காலை 7.30க்கு இன்னொரு 'டக்'.

பல வீடுகளில் அந்தச் சுவிச்சை ரேடியோ அலைதான் இயக்கியது. பிபிசி ரேடியோ 4 போன 198 கிலோஹேர்ட்ஸ் நெடு அலையிலேயே அதற்கான சமிக்ஞையும் சேர்ந்து போனது. அந்தச் சேவையை 2025 ஜூன் 30இல் இருந்து கட்டம் கட்டமாக நிறுத்தத் தொடங்கியதால் ஏராளமான வீடுகளில் மீற்றர் மாற்றப்பட்டது. இந்தப் பிழை இப்போது கூடுதலாகக் கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விளங்க வேண்டிய விஷயம் என்னவென்றால், பழைய ஏற்பாட்டில் விலையும் சுவிச்சும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. டாரிஃப் மாற்றும்போது நாங்கள் விலையை மட்டும்தான் மாற்றுவதாக நினைக்கிறோம். சுவிச் என்ன ஆகிறது என்று கேட்பதே இல்லை.

அது மூன்று விதமாகப் போகலாம்.

ஒன்று, சுவிச் பழைய நேரத்திலேயே நிற்கும், மலிவு நேரம் மட்டும் மாறிவிடும். இப்போது மின்கார் வைத்திருப்பவர்களுக்கு என்று இரவில் ஐந்து மணித்தியாலம் மட்டும் மிக மலிவாகத் தரும் திட்டங்கள் இருக்கின்றன. அந்த விலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கணக்குக்காக வட்டமான எண்களாக எடுப்போம். பழைய திட்டம் பகல் 30 பென்ஸ், இரவு 15 பென்ஸ். புதுத் திட்டம் பகல் 30, இரவு 9, அதுவும் 12.30இல் இருந்து 5.30 வரை மட்டும். வீட்டில் 3.4, 2.55, 1.7 கிலோவாற் என்று மூன்று ஹீற்றர், மொத்தம் 7.65. கடும் குளிர் இரவில் ஏழு மணித்தியாலமும் முழுதாக இழுத்தால் 53.55 யூனிற். பழைய திட்டத்தில் அதற்கு 8 பவுண் 3 பென்ஸ். புதியதில் முதல் ஐந்து மணித்தியாலத்துக்கு 3 பவுண் 44 பென்ஸ், சுவிச் மூடும் வரையான மிச்ச இரண்டு மணித்தியாலத்துக்குப் பகல் விலையில் 4 பவுண் 59 பென்ஸ். கூட்டிப் பாருங்கள். அதே 8 பவுண் 3 பென்ஸ். 15 பென்ஸ் 9 பென்ஸாக இறங்கியும், அந்த இரவில் ஒரு பென்ஸ்கூட மிச்சம் இல்லை. புதுத் திட்டத்தின் பகல் விலை இரண்டு மூன்று பென்ஸ் கூடவாக இருந்தால் நேரே நட்டம்தான்.

சரி, ரைமரைக் குறைத்து ஐந்து மணித்தியாலம் மட்டும் விட்டால் என்ன? ஹீற்றர் ஏழு மணித்தியாலத்துக்குக் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்ட பொருள். ஐந்தில் 38 யூனிற்தான் உள்ளே போகும். பின்னேரம் ஆறு மணிக்கு வீடு குளிரும், பிள்ளைகளுக்காக யாராவது ஒரு ஃபான் ஹீற்றரை பிளக்கில் போடுவார்கள், அது 30 பென்ஸ் கரண்ட்.

இரண்டாவது, புது மீற்றர் போடும்போது ஹீற்றர் போர்ட்டை எந்தப் பக்கமும் இணைக்காமல் விட்டுவிடுவது. ஹீற்றர் செத்துப்போகும், வீடு உறையும். கொடுமைதான், ஆனால் அன்று இரவே தெரிந்துவிடும். போன் பண்ணிச் சண்டை பிடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, தனிச் சுவிச் இல்லாத சாதாரண மீற்றரைப் போட்டு, ஹீற்றர் போர்ட்டை மற்ற போர்ட்டோடு சேர்த்து 24 மணித்தியாலமும் கரண்ட் வருகிற மாதிரி இணைத்துவிடுவது. இதுதான் எங்கள் வீட்டில் நடந்தது. அந்த அக்கா வீட்டிலும் நடந்தது இதுதான். கல்லு கொஞ்சம் ஆறினால் போதும், ஹீற்றர் உடனே இழுத்து நிரப்பிக்கொள்ளும். பகல் முழுக்க இதே கதை. வீடு என்றும் இல்லாத மாதிரிச் சுகமாக இருக்கும். எங்கள் வீட்டில் மனைவி, "இந்த வருஷம் ஒரு கம்பளிகூட எடுக்கேல்ல" என்று சொன்னார். நான் புது டாரிஃபைப் பாராட்டிக்கொண்டு திரிந்தேன். ஜனவரி பில்லில் பகல் யூனிற் 1,140. அதற்கு முந்திய ஜனவரியில் அது 300ஐத் தாண்டவில்லை. இந்த 840 யூனிற்றும் பகல் விலையில் போனவை, ஒரே மாதத்தில் 250 பவுணுக்கு மேல். மீற்றர் போட வந்தவர் கேட்கவில்லை. டாரிஃப் விற்றவரும் கேட்கவில்லை. ஆனால் ஹீற்றர் போர்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான், நானும் சொல்லவில்லை.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது அதுதான். ஒரேயொரு கேள்வியால் தடுத்திருக்கக்கூடிய செலவு. டாரிஃப் மாற்றக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "என்னுடைய ஹீற்றருக்குத் தனி போர்ட் இருக்கிறது, அதை இனி யார் எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு நிற்பாட்டப் போகிறார்கள்?" மீற்றர் மாற்ற வருகிறவரிடமும் இதையே கேளுங்கள். ஐந்து முனை உள்ள ஸ்மார்ட் மீற்றர் என்று ஒரு வகை இருக்கிறது, அதில் ஹீற்றருக்கான சுவிச் உள்ளேயே இருக்கும். அது கிடைக்காது என்றால், தகுதியுள்ள எலக்ட்ரீசியனைக் கொண்டு ஹீற்றர் போர்ட்டுக்கு முன்னால் ஒரு ரைமர் போடுவித்து, அதன் பிறகு டாரிஃபை மாற்றுங்கள். மீற்றரின் சீலையோ பிரதான பியூஸையோ நீங்கள் தொடக்கூடாது.

உங்களிடம் இருப்பது புது ரக ஹீற்றர் என்றால் அதற்குள்ளேயே கடிகாரம் இருக்கும். 2018 ஜனவரிக்குப் பிறகு விற்பனைக்கு வந்தவை எல்லாம் மின்னணுக் கட்டுப்பாட்டோடுதான் வந்தன. அவற்றில் சுவிச் உங்கள் கையில். டாரிஃப் மாறிய அன்றே ஒவ்வொரு ஹீற்றரிலும் நேரத்தை மாற்றுங்கள், ஒன்றையும் மறக்கவேண்டாம்.

அப்புறம் கோடை நேரம். பழைய ரைம் சுவிச்சுகள் வருடம் முழுக்க கிரீனிச் நேரத்திலேயே ஓடும். மார்ச் கடைசி ஞாயிறு நாங்கள் மணிக்கூட்டை முன்னே தள்ளுவோம், சுவிச் தள்ளாது. 12.30 என்பது 1.30 ஆகிவிடும். சில திட்டங்களில் மலிவு நேரமும் அதோடு சேர்ந்து நகரும், சிலவற்றில் நகராது. ஏப்ரலிலும் ஹீற்றர் தேவைப்படுகிற வீடென்றால் இதைக் கேட்டு வைத்திருங்கள்.

பனல் ஹீற்றரைச் சூடாக்கும் என்ற நினைப்பு

"அண்ணை, பகல்ல ஹீற்றரைப் போட்டா சோலார் ஃப்ரீதானே?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு கணக்குத்தான். தென் இங்கிலாந்தில் 4 கிலோவாற் பனல் டிசம்பரில் ஒரு நாளைக்குச் சராசரியாக 3 யூனிற் அளவில்தான் தரும். பெரிய ஹீற்றர் ஒன்று ஒரு மணித்தியாலத்தில் 3.4 யூனிற் குடிக்கும். பனல் நன்றாகத் தரும் மே, ஜூனில் ஹீற்றர் தேவையில்லை. குளிர்கால இரவுக்கு ஒரு கணக்கு, கோடைப் பகலுக்கு வேறொரு கணக்கு. டாரிஃப் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

பூஸ்ற் பட்டன்

பகலில் உடனே சூடு வேண்டும் என்று அழுத்துவது. அது பகல் கரண்ட். தொடவேண்டாம்.

பனலுக்கு முந்திய பில்லை வைத்துக் கணக்குப் பார்ப்பது

பனல் போட்ட பிறகு வீட்டுக்குள் வரும் பகல் யூனிற் குறையும், இரவு யூனிற் அப்படியே நிற்கும். இதனால் எந்தத் திட்டம் மலிவு என்பதே தலைகீழாகலாம். ஒரேயொரு சின்ன ஹீற்றர் உள்ள பிளாற் என்று வைப்போம். வருடத்துக்குப் பகல் 3,000 யூனிற், இரவு 1,200. ஒரே விலைத் திட்டம் 25 பென்ஸ் என்றால் 1,050 பவுண். பகல் 30, இரவு 15 என்றால் 1,080. அப்போது ஒரே விலைதான் நல்லது. பனல் வந்து பகல் யூனிற் 1,700 ஆனால்? ஒரே விலையில் 725, இரு விலையில் 690. ஒப்பிட்டுப் பார்க்கும் தளத்தில் பழைய வருடாந்த யூனிற்றைப் போட்டிருந்தால் இது தெரியவே வராது. பனல் போட்டு ஒரு குளிர்காலம் போகும் வரை நீண்டகால ஒப்பந்தத்துக்குள் நுழையாமல் இருப்பது நல்லது. நுழைந்துவிட்டீர்கள் என்றால், ஒப்பந்தம் முடிய முந்திய 49 நாளுக்குள் வெளியேற அபராதம் கிடையாது.

வெளியே போகும் யூனிற்

பனலில் மிஞ்சி வெளி லைனுக்குப் போகும் கரண்டுக்கும் காசு உண்டு. 2019 மார்ச் 31 வரை ஃபீட்-இன் டாரிஃபில் (பனல் உற்பத்திக்குக் காசு தரும் பழைய திட்டம்) சேர்ந்தவர்களும், 2020 ஜனவரி 1இல் தொடங்கிய ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கரன்ரியில் (வெளியே அனுப்பும் யூனிற்றுக்கு மட்டும் காசு தரும் திட்டம்) சேர்ந்தவர்களும் ஒருவர் யோசனையை மற்றவர் கேட்டு நடக்கக்கூடாது. முதல் வகையில், வெளியே போவதை அளக்கும் மீற்றர் இல்லாத வீடுகளுக்கு, உற்பத்தியில் பாதி வெளியே போனதாக எடுத்துக்கொண்டு காசு தருவார்கள். உண்மையில் எவ்வளவு போனது என்று பார்ப்பதில்லை. ஆகவே பகலில் முடிந்தளவு வீட்டிலேயே பாவியுங்கள், மிஞ்சும் சோலார் கரண்டைச் சுடுதண்ணீர்த் தாங்கிக்கு அனுப்பும் கருவியும் அவர்களுக்கு லாபம்.

இரண்டாவது வகையில் ஒவ்வொரு யூனிற்றும் அளக்கப்படும். வெளியே அனுப்பினால் 15 பென்ஸ், இரவில் வாங்கினால் 12 பென்ஸ் என்றால், பகல் வெயிலில் தண்ணீர் சுடவைப்பது யூனிற்றுக்கு 3 பென்ஸ் நட்டம். வெயிலை விற்றுவிட்டு இரவில் தண்ணீர் சுடவையுங்கள். கரண்ட் வாங்குகிற கொம்பனிக்கேதான் விற்க வேண்டும் என்றும் இல்லை, வேறொன்றுக்கு விற்கலாம். ஆனால் சில நல்ல விலைகள் அவர்களிடமே வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான், இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும். பனலை முறைப்படி போட்டதற்கான எம்சிஎஸ் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், விண்ணப்பிக்கும்போது அதையோ அதற்கு ஈடான ஒன்றையோ கேட்பார்கள்.

எல்லாமே 12.30க்கு

மலிவு நேரம் தொடங்கியதும் ஹீற்றர், தண்ணீர்த் தாங்கி, பற்றரி, மின்கார் என்று எல்லாவற்றுக்கும் ரைமர் வைத்துவிடுகிறார்கள். ஹீற்றர் மூன்றுக்கும் 33 அம்பியர், தாங்கிக்கு 13, பற்றரிக்கு 16, காருக்கு 32. மொத்தம் 94. உங்கள் பிரதான பியூஸ் 60 அல்லது 80 ஆக இருக்கலாம். புதுத் திட்டத்தில் மலிவு நேரம் சுருங்கச் சுருங்க இந்த நெருக்கம் கூடும். தாங்கியையும் காரையும் பிந்திய மணிக்குத் தள்ளுங்கள், பியூஸ் எத்தனை அம்பியர் என்று வயரிங் செய்கிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பனல் எந்த மீற்றரில்?

கடைக்கு ஒரு மீற்றர், மேல்வீட்டுக்கு ஒரு மீற்றர் என்றால் பனல் எதில் இணைந்திருக்கிறதோ அந்தப் பில்தான் குறையும். அக்கா வீட்டில் அது கடை மீற்றரில் இருந்தது.

இரண்டு எண்ணும் இடம் மாறுவது

புது மீற்றர் வந்தால் பகல் எண்ணையும் இரவு எண்ணையும் மாற்றிப் பதிந்துவிடுவது உண்டு. படுக்கப் போகும் முன் இரண்டு எண்ணையும் போனில் படம் எடுங்கள். விடிய எழும்பியதும் இன்னொரு படம். குளிர்காலத்தில் இரவோடு இரவாக ஓடியது எதுவோ அதுதான் இரவு எண். பில்லில் அந்த எண்ணுக்கு நேரே எந்த விலை நிற்கிறது என்று பாருங்கள்.

அக்காவுக்கும் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். ரைமர் போட்ட மறுநாள் காலை 7.40க்கு இரண்டு படம் வந்தது. இரவு எண்ணில் 49 யூனிற் ஓடியிருந்தது, பகல் எண்ணில் ஒன்று.