விண்டாம் பக்கம் குடிவரும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு: எந்த வேலைக்கு எந்த ஆபீஸ்

மெல்போர்னில் வேலை கிடைத்து வருகிற நம்ம பக்கத்துப் பிள்ளைகள் வீடு தேடும்போது டார்னீட், ட்ரூகனினா, பாயிண்ட் குக், வெரிபி என்று மேற்குப் பக்கப் பெயர்கள்தான் அடிக்கடி காதில் விழும். ட்ரூகனினாவின் ஒரு பகுதி தவிர இவை எல்லாமே விண்டாம் என்கிற ஒரே கவுன்சிலுக்குள், அதாவது நம்ம ஊர் நகராட்சி மாதிரியான ஒரே உள்ளாட்சிக்குள் இருக்கின்றன. பேங்க் கணக்கு, சிம் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் பற்றி ஆளாளுக்குச் சொல்லிவிடுவார்கள், கவுன்சிலைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். காவேரிப்பட்டினத்திலோ பாலக்கோட்டிலோ பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே இதைப் படித்துவிட்டால் நல்லது.

முதல் விஷயம், இங்கே கலெக்டர் கிடையாது. நம்ம ஊரில் ரோடு, தண்ணீர், பட்டா, பக்கத்து வீட்டு வாய்க்கால் தகராறு எதுவானாலும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுத்தால், அவர்களே அந்தந்தத் துறைக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே எந்தக் கதவைத் தட்டுவது என்று நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விசாவும் வருமான வரியும் மத்திய அரசு. அரசுப் பள்ளி, ஆஸ்பத்திரி, போலீஸ், ரயில், பெரிய சாலைகள் எல்லாம் விக்டோரியா மாநில அரசு. தண்ணீர் பில் கிரேட்டர் வெஸ்டர்ன் வாட்டர் என்ற தனி நிறுவனம். மிச்சம் இருப்பது, அதாவது குப்பை, தெருச்சாலை, பூங்கா, நூலகம், கைக்குழந்தை கவனிப்பு, கிண்டர் (பள்ளிக்கு முந்தின மழலையர் வகுப்பு) பதிவு, வீட்டில் கூடுதல் கட்டடம் கட்ட அனுமதி, நாய் பூனைப் பதிவு, இதெல்லாம் கவுன்சில். டார்னீட் ரயிலில் நிற்க இடமில்லை என்று கவுன்சிலுக்கு எழுதிப் பயனில்லை, அது மாநில அரசின் வேலை. தெருவில் பள்ளம் என்றால் கவுன்சிலுக்குப் போன் போடலாம், ஸ்னாப் செண்ட் சால்வ் என்ற ஆப்பில் போட்டோ எடுத்தும் அனுப்பலாம்.

கூட்டம் ஏன் இவ்வளவு என்று வந்த மாதமே கேட்பீர்கள். 2016 கணக்கெடுப்பில் விண்டாமில் 2,17,122 பேர். 2021-ல் 2,92,011. ஐந்தே வருஷத்தில் சுமார் 75,000 பேர் கூடியிருக்கிறார்கள், 2011 கணக்குப்படி நம்ம கிருஷ்ணகிரி நகராட்சி முழுக்கச் சேர்த்தாலே சுமார் 71,000 பேர்தான். ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அதில் இந்தியாவில் பிறந்தவர்களே முதலிடம். வீட்டில் பேசும் மொழியில் ஆங்கிலத்துக்கு அடுத்து பஞ்சாபி. தமிழ் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் நம்ம ஊர்த் தமிழும் ஈழத்தமிழும் கடையில், பள்ளி வாசலில் கேட்கும். ஓசூர், வேப்பனப்பள்ளிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. சின்ன வயசில் சந்தையில் கற்ற தெலுங்கும் கன்னடமும் இங்கே பக்கத்து வீட்டாரிடம் நன்றாகவே செல்லுபடியாகும்.

வந்திருப்பவர்களில் இளம் குடும்பங்கள் அதிகம் என்பதால் நெருக்கடி முதலில் தெரிவது குழந்தைகள் விஷயத்தில்தான். மூன்று, நான்கு வயசுப் பிள்ளைக்குக் கிண்டர் வேண்டுமானால் கவுன்சில் வழியாகச் சீக்கிரமே பதிவு செய்துவிடுங்கள், ஜூன் மாதம் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், இங்கே படிப்பு வருஷம் தொடங்குவது ஜனவரி கடைசியில். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள், தடுப்பூசிப் பதிவு சரியாக இல்லாவிட்டால் விக்டோரியாவில் கிண்டரில் சேர்க்கமாட்டார்கள். இங்கேயே குழந்தை பிறந்தால் கவுன்சிலின் நர்ஸ் முதலில் வீட்டுக்கே வந்து பார்ப்பார். அதற்குப் பிறகு பிள்ளைக்கு மூன்றரை வயசு வரை குறிப்பிட்ட மாதங்களில் நாம் போய்க் காட்ட வேண்டும். காசு கிடையாது. ஆங்கிலம் தடுமாறினால் 131 450-க்குப் போன் செய்து தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் லைனில் வருவார். ஊரிலிருந்து உதவிக்கு வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ நர்ஸிடம் ஏதாவது கேட்க நினைத்தால் இந்த நம்பர் ரொம்பவே உதவும்.

குப்பைக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள், கவுன்சிலோடு உங்களுக்கு வாராவாரம் இருக்கப்போகும் உறவு இதுதான். வீட்டுக்குத் தருகிற தொட்டிகளின் மூடி நிறத்தைப் பாருங்கள். மாநிலம் முழுக்க ஒரே மாதிரி ஆக்கி வருகிறார்கள்: சிவப்பு பொதுக் குப்பை, மஞ்சள் மறுசுழற்சி, இளம்பச்சை சமையலறைக் கழிவும் தோட்டக் கழிவும், ஊதா கண்ணாடி. முந்தின நாள் ராத்திரியே தொட்டியை ரோட்டோரம் வைத்துவிட வேண்டும், சக்கரமும் கைப்பிடியும் வீட்டைப் பார்த்து, மூடி திறக்கும் பக்கம் ரோட்டைப் பார்த்து, இரண்டு தொட்டிக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி விட்டு. லாரியில் ஆள் இறங்கமாட்டார். பக்கவாட்டில் ஒரு இரும்புக் கை நீண்டு தொட்டியைக் கவ்வித் தூக்கிக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப வைக்கும். காரை ஒட்டி வைத்தால் எடுக்காமலே போய்விடும். பழைய மெத்தை, சோபாவை வாசல் புல்லில் போட்டால் அபராதம்தான், அதற்குத் தனியாகப் பதிவு செய்து எடுக்கச் சொல்லலாம். சொல்லப்போனால் அந்த வாசல் புல்லே கவுன்சில் நிலம், ஆனால் வெட்டிச் சுத்தமாக வைக்க வேண்டியது நாம். இது என்ன நியாயம் என்று எனக்கும் தோன்றும்.

இது கடலோரப் பகுதியும்கூட. வெரிபி சவுத் கடற்கரைக்குப் போகிற வழியெல்லாம் காலிஃபிளவர், புரோக்கோலி, முட்டைக்கோஸ் தோட்டம். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு அந்த ரோடு பிடிக்கும். அந்தத் தோட்டங்களுக்குப் பாயும் தண்ணீரில் ஒரு பகுதி பக்கத்திலேயே உள்ள மேற்குச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தமாகி வருகிறது. மெல்போர்ன் கழிவுநீரில் சுமார் பாதியைச் சுத்தம் செய்யும் இடம் அது, 1890-களிலிருந்து நடக்கிறது. அதன் ஏரிகளில் பறவை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள்.

வீடு வாங்கினால் ரேட்ஸ் என்று கவுன்சில் வரி வரும், நம்ம ஊர் வீட்டு வரி மாதிரி. நான்கு தவணையாகக் கட்டலாம்: செப்டம்பர் 30, நவம்பர் 30, பிப்ரவரி 28, மே 31. வாடகை வீடென்றால் அது ஓனர் பாடு. கட்ட முடியாத நிலை வந்தால் சும்மா இருந்துவிடாமல் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், தவணை மாற்றித் தருவார்கள்.

விண்டாமில் 11 கவுன்சிலர்கள், 2024 தேர்தலிலிருந்து வார்டுக்கு ஒருவர். மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், நம்ம ஊர் நகராட்சித் தலைவர் மாதிரியே. குடியுரிமை வாங்கி வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டால் ஓட்டுப் போடுவது கட்டாயம். குடியுரிமை இல்லாவிட்டாலும் ரேட்ஸ் கட்டுகிறவராக இருந்தால் கவுன்சில் பட்டியலில் சேர விண்ணப்பிக்கலாம், நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. அடுத்த தேர்தல் 2028 அக்டோபரில். ஓட்டுச் சீட்டு தபாலில் வரும், விளம்பர நோட்டீஸோடு சேர்த்து அதையும் மஞ்சள் மூடித் தொட்டியில் போட்டுவிட்டால் பின்னாலேயே அபராதக் கடிதம் வரும்.