3 மி.மீ. பிடிமானம்: 5 ஆக்சிஸ் மெஷினில் டவ்டெய்ல் பிடிக்கும் முறை

எர்ணாவூரில் எங்கள் ஷெட்டில் இரண்டு வி.எம்.சி.யும் (மூன்று ஆக்சிஸ் மில்லிங் மெஷின்) ஒரு 5 ஆக்சிஸும் (டேபிள் சாய்ந்து, சுழன்று கொடுக்கும் மெஷின்) ஓடுகின்றன. அந்த 5 ஆக்சிஸ் வந்த முதல் மூன்று மாதமும் அதில் நான் செய்தது வி.எம்.சி. வேலைதான். சாதாரண வைஸை (இரண்டு ஜாக்களுக்கு நடுவே கடித்துப் பிடிக்கும் பிடியை) தூக்கி டேபிள் மேல் வைத்து, ஜாபை, அதாவது வெட்ட வேண்டிய பீஸை, 10 மி.மீ. உள்ளே கொடுத்துப் பிடித்து, மேல் முகத்தை வெட்டுவேன். டேபிளை 90 டிகிரி சாய்த்தால் டூல் ஹோல்டர் வைஸ் ஜாவில் இடிக்கும். சரி என்று ஜாபைக் கழற்றி, திருப்பிப் பிடித்து, மறுபடி டயல் (நேராக இருக்கிறதா என்று காட்டும் முள் மானி) வைத்துப் பார்ப்பேன். ஒரு பிராக்கெட்டுக்கு நான்கு செட்டப் ஆனது, அதாவது நான்கு தடவை பிடித்து வெட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் மி.மீ.யில் நூறில் ஒன்றோ இரண்டோ கைநழுவும். எதிரெதிர் பக்கத்துத் துளைகள் நேராக வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

டவ்டெய்ல் பிடிக்கு (ஜாபின் அடியைச் சாய்வாக வெட்டி, அந்தச் சாய்வைக் கவ்விப் பிடிக்கும் முறைக்கு) மாறிய பிறகு அதே பிராக்கெட்டை அடியில் டவ்டெய்ல் வெட்ட ஒரு செட்டப், ஐந்து பக்கத்துக்கும் ஒரு செட்டப், கடைசியில் அடியைச் சீவி எடுக்க ஒன்று என்று முடிக்கிறோம். துல்லியமாக அமைய வேண்டிய எல்லாம் நடுவில் இருக்கும் அந்த ஒரே செட்டப்பில் வந்துவிடுகின்றன. எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன்.

லேத்தில் கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பாகத்தை) கழற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் தெரியும். என் அப்பா தண்டையார்பேட்டையில் டர்னர். ஸ்லைடு ஆட ஆரம்பித்தால் பக்கத்து ஸ்க்ரூவை இறுக்கி கிப்பை (இடைவெளியை அடைக்கும் பட்டையை) நெருக்குவார். சாய்ந்த முகம் சாய்ந்த முகத்தை அழுத்தினால் ஸ்லைடு மேலே எழும்ப முடியாது. அதே சங்கதிதான் இங்கேயும். ஜாபின் அடியில் சுமார் 3 மி.மீ. உயரத்துக்கு, அடி அகலமாகவும் மேலே குறுகலாகவும் வெட்டுகிறோம். ஃபிக்ஸ்சரின் (டேபிளில் ஜாபைப் பிடித்து வைக்கும் அமைப்பின்) ஜா உதடு அந்தச் சாய்வின் மேல் படிந்து அமுக்குகிறது. சாய்வு அடி முகத்தோடு 60 டிகிரி என்றால், உராய்வைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், சாய்முகத்தில் விழும் விசையில் பாதி நேராகக் கீழே போகிறது. சாதாரண வைஸில் ஜாவை இறுக்கும்போது ஜாப் லேசாக மேலே எழும்பும், சுத்தியலால் தட்டி உட்கார வைப்போம். இங்கே இறுக்க இறுக்க ஜாப் தளத்தில் அமர்கிறது. அதனால் 3 மி.மீ. போதும்.

முதலில் மெட்டீரியல் கணக்கு. முடிந்த ஜாப் 60 × 45 × 38 என்று வையுங்கள். நான் 64 × 50 × 45 கட்டை வெட்டச் சொல்வேன். உயரத்தில் 38 ஜாபுக்கு, 3 டவ்டெய்லுக்கு, 2 ஜாபுக்கும் டவ்டெய்லுக்கும் நடுவே எண்ட்மில் (நேரான மில்லிங் கட்டர்) நுனி இறங்கிப் போக, 2 மேல் முகம் சீவ. கடைசியில் அடியிலிருந்து எறியப்போவது 5 மி.மீ. அலுமினியத்தில் அது 16 கன செ.மீ., ஏறத்தாழ 43 கிராம். வைஸில் 10 மி.மீ. கடிக்கக் கொடுத்தால் அந்தக் கடிக்கு மட்டுமே 86 கிராம் போகும். விலை உயர்ந்த மெட்டீரியலில் இந்த வித்தியாசம் இன்னும் உறைக்கும்.

டவ்டெய்லின் அகலத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக வைப்பேன். இந்த ஜாபுக்கு 40. ஜாபின் உயரம் டவ்டெய்ல் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ரஃப்பிங் (முதலில் மொத்தமாக மெட்டீரியல் எடுக்கும் வெட்டு) ஆழத்தைக் குறைத்துவிடுவேன். மெல்லிய தகடு, உடையக்கூடிய வார்ப்பு, ஒரே ஒரு பீஸ் வேண்டும் என்று வரும் வேலை, இவற்றுக்கெல்லாம் டவ்டெய்ல் பக்கம் போவதில்லை. ஜாபின் வடிவத்துக்கே வெட்டிக்கொள்ளும் சாஃப்ட் ஜாவே சுலபம்.

அடுத்தது டவ்டெய்ல் வெட்டுவது. எல்லாருக்கும் சீக்கிரம் 5 ஆக்சிஸுக்குப் போக வேண்டும் என்ற அவசரம். இந்த முதல் செட்டப்பில் கெடுத்ததை அங்கே யாராலும் சரிசெய்ய முடியாது. ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

வி.எம்.சி. வைஸில் கட்டையைத் தலைகீழாகப் பிடியுங்கள். அடி முகத்தைச் சீவுங்கள். கை வைத்துத் தடவினால் மேடு பள்ளம் தெரியக் கூடாது, டயல் ஓட்டினால் 0.01-க்குள் இருக்க வேண்டும். இதுதான் ஃபிக்ஸ்சர் தளத்தில் உட்காரப்போகும் முகம். பிறகு நேரான எண்ட்மில்லால் இரண்டு ஓரமும் 3.00 ஆழத்துக்குப் படி இறக்குங்கள், நடுவில் 40.2 அகலம் விட்டு. எடுக்க வேண்டிய மெட்டீரியலில் பெரும்பகுதியை இந்த எண்ட்மில்லே எடுத்துவிடும். டவ்டெய்ல் கட்டருக்குச் சாய்வு மட்டும்தான் மிச்சம்.

டவ்டெய்ல் கட்டரின் பலவீனம் அதன் நுனி. கூர்மையான நுனி முதல் பத்து பீஸிலேயே உடையும். நுனியில் 0.2 ரேடியஸ் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பாரிமுனைக் கடைகளில் விசாரித்தால் ஹெச்.எஸ்.எஸ்.ஸிலும் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கார்பைடிலும் கிடைக்கும். வேகத்தை அதன் பெரிய விட்டத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 20 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். கட்டர், அலுமினியம், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 60 மீட்டர் என்றால் சுமார் 950 ஆர்.பி.எம். பல்லுக்கு 0.03 மி.மீ. ஃபீட் (கட்டர் முன்னேறும் அளவு) கொடுத்தால் ஆறு பல் கட்டருக்கு நிமிடத்துக்கு 170 மி.மீ. அளவில் வரும். கூலண்ட் தாராளமாகப் பாய வேண்டும். இல்லாவிட்டால் அலுமினியம் பல்லில் ஒட்டிக்கொள்ளும். வேரில், அதாவது சாய்வு குறுகி முடியும் இடத்தில், பக்கத்துக்கு 1.73 மி.மீ. வரை உள்ளே போக வேண்டியிருப்பதால் மூன்று பாஸாகப் பிரித்து, கடைசிப் பாஸுக்கு 0.1 மட்டும் விடுவேன். ஆழத்தை 2.95-இல் நிறுத்துவேன், கட்டரின் அடி தோள் முகத்தில் (எண்ட்மில் இறக்கிய படியில்) உரசாமல் இருக்க.

ஒன்றை மறக்கவே கூடாது. இந்தக் கட்டரை ஜாபின் மேல் நேராக இறக்கக் கூடாது, வேலை முடிந்ததும் நேராகத் தூக்கவும் கூடாது. அதன் அகன்ற பாகம் சாய்வுக்கு அடியில் இருக்கிறது. காற்றில் வெளியே இறக்கி, பக்கவாட்டில் உள்ளே வந்து, பக்கவாட்டிலேயே வெளியே போய், அப்புறம்தான் இசட்டை (மேலும் கீழும் நகரும் ஆக்சிஸை) தூக்க வேண்டும். புரோகிராமில் அந்த ஒரு வரி மட்டும் இடம் மாறினால் கட்டரும் போகும், ஜாபும் போகும். புதுப் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான்.

அளவு பார்க்க வெர்னியரை நம்பாதீர்கள். சாய்வின் ஓரத்தில் அதன் வாய் ஒழுங்காக உட்காராது. 3 மி.மீ. பின் (உருளைக் கம்பி) இரண்டை எடுத்து, தோளும் சாய்வும் சேரும் மூலைகளில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, பின்களின் மேல் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். கணக்கு இப்படி: அகன்ற அளவு 40, உயரம் 3, சாய்வு 60 டிகிரி. வேர் அகலம் 40 கழித்தல் 3.464, அதாவது 36.536. அதோடு பின் விட்டத்தின் 2.732 மடங்கு, அதாவது 8.196 சேர்த்தால் 44.73. மைக்ரோமீட்டரில் இது வர வேண்டும். 4 மி.மீ. பின் வைத்தால் அது சாய்வின் விளிம்பில் போய்த் தொடும், அளவு தப்பாகும். அகலத்தில் 0.05 கூடக்குறைய இருந்தால் கவலையில்லை, நகரும் ஜா அதை ஏற்றுக்கொள்ளும். உயரத்தில் அந்தச் சலுகை கிடையாது.

அதை நான் கற்றுக்கொண்ட விதம் இது. 40 பீஸ் ஆர்டர், 6061 அலுமினியம். என் ஃபிக்ஸ்சரின் ஜா உதடு தளத்திலிருந்து 2.7 மி.மீ. உயரம். ஆஃப்செட்டில் (மெஷினில் அடிக்கும் அளவுத் திருத்தத்தில்) ஒரு எண்ணைத் தவறாக அடித்ததால் ஒரு தட்டு நிறைய ஜாபுகளுக்கு டவ்டெய்ல் உயரம் 2.6 ஆகிவிட்டது. மாட்டினேன், இறுகியது. கையால் ஆட்டினால் அசையவில்லை. ஆனால் ஜாபின் தோள் ஜாவின் தலையில் உட்கார்ந்திருந்தது, அடியில் 0.1 மி.மீ. வெறும் காற்று. ரஃப்பிங்கில் ஒரு முனகல் சத்தம். வெளியே எக்ஸ்பிரஸ்வேயில் கண்டெய்னர் லாரிகள் போகும் அதிர்வு என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆறு பீஸ் முடித்து அளந்தபோது பக்க முகம் சாய்ந்திருந்தது. ஆறும் ஸ்கிராப். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே விதி இதுதான்: ஜாப் உட்காருவது தளத்தில் மட்டும். தோளுக்கும் ஜா தலைக்கும் நடுவே 0.2 முதல் 0.3 வரை இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அகன்ற அடி விளிம்பில் 0.3 சேம்ஃபர் போட்டு முனையை மழுக்குங்கள், அது ஜாவின் உள் மூலையில் முட்டாமல் இருக்க. எல்லா விளிம்பிலும் பிசிறு எடுங்கள். ஒரு முனையில் 6.1 அகலத்துக்கு ஒரு சிறு ஸ்லாட் வெட்டி, ஃபிக்ஸ்சரில் 6 மி.மீ. பின் அடித்துவிட்டால் ஒவ்வொரு ஜாபும் நீளவாக்கில் அதே இடத்தில் நிற்கும், யாரும் திருப்பி மாட்டவும் முடியாது.

மாட்டும்போது தளத்தையும் சாய்முகங்களையும் துணியால் துடைத்து, பிறகு உள்ளங்கையால் தடவுங்கள். கண் தவறவிடும் சிப்பைக் கை பிடித்துவிடும். நான்கு மூலையிலும் சிகரெட் தாள் துண்டு வைத்துப் பாதி இறுக்கி, நைலான் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, முழுதாக இறுக்குங்கள். நான்கு தாளும் இழுத்தால் வரக் கூடாது. முதல் ஜாபுக்குத் தாள் வைத்துப் பார்ப்பதே போதும், அதற்குப் பிறகு 0.03 ஃபீலர் (மெல்லிய அளவுத் தகடு) நுழைகிறதா என்று பார்ப்பேன். என் ஃபிக்ஸ்சரில் எம்8, 12.9 தர போல்ட்டுகள். டார்க் ரெஞ்சில் அலுமினியத்துக்கு 20 நியூட்டன் மீட்டர், எஃகுக்கு 30. கடையில் வாங்கிய ஃபிக்ஸ்சர் என்றால் தயாரித்தவர் சொன்ன எண்ணைப் பின்பற்றுங்கள். கையாலேயே இறுக்கினால் ஆளுக்கு ஆள் மாறும், காலை ஷிஃப்டுக்கும் இரவு ஷிஃப்டுக்கும் ஜாப் வேறு வேறாக வரும்.

புரோகிராம் பக்கம் இரண்டு விஷயம் சொல்கிறேன், மற்றது உங்கள் கேம் (CAM, வெட்டும் புரோகிராம் எழுதும்) சாஃப்ட்வேரைப் பொறுத்தது. ஃபிக்ஸ்சர், ஜா, போல்ட் தலை, ஹோல்டர் எல்லாவற்றையும் மாடலாகப் போட்டு மோதல் பாருங்கள். ஜாப் டேபிளை ஒட்டி இருந்தால் 90 டிகிரி சாய்வில் ஸ்பிண்டில் டேபிளில் இடிக்கும். அதனால் ஃபிக்ஸ்சரை ஒரு உயரக் கட்டை மேல் ஏற்றுங்கள். முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேபிட் (வெட்டாமல் வேகமாக நகர்வது) 5 விழுக்காட்டில், கையை ஃபீட் ஹோல்ட் (நகர்வை நிறுத்தும்) பட்டனில் வைத்து ஓட்டுங்கள்.

ரஃப்பிங்கை டேபிள் சாயாத நிலையில், முடிந்த அளவு மேலிருந்து செய்யுங்கள், வெட்டு விசை ஜாபைத் தளத்தை நோக்கி அழுத்தட்டும். டவ்டெய்லுக்கு மேலே உள்ள கடைசிப் பகுதியைக் கடைசியில் வெட்டுங்கள், அதுவரை கழுத்து தடிமனாக இருக்கட்டும். கனமாக மெட்டீரியல் எடுக்கும் ஜாபுகளில் ரஃப்பிங் முடிந்ததும் போல்ட்டை ஒருமுறை தளர்த்தி, குறைந்த டார்க்கில் மறுபடி இறுக்குவேன். உள்ளே அடைந்திருந்த ஸ்ட்ரெஸ் அப்போது வெளிவந்துவிடும். நெளிய வேண்டியது ஃபினிஷிங்குக்கு முன்பே நெளியட்டும்.

கடைசியில் டவ்டெய்லை எடுப்பது. அலுமினிய சாஃப்ட் ஜாவில் ஜாபின் வெளி வடிவத்தையே வெட்டி, ஜாபைக் கவிழ்த்துப் பிடித்து, 5 மி.மீ.யில் 4.8 ரஃப்பாக எடுத்து, தடிமனை அளந்து, மிச்சம் 0.2-ஐ ஒரே பாஸில் சீவுங்கள். மெல்லிய சுவர் உள்ள ஜாபானால் இங்கே இறுக்கத்தைக் குறையுங்கள். ஃபினிஷ் முகத்தில் ஜாவின் தடம் பதிந்தால் அதுவரை செய்த வேலை வீண்.

எங்கள் ஷெட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் சாய்முகத்தில் ஒரு ராத்திரியில் துரு பூக்கிறது, அந்தத் துருவே அடுத்த நாள் 0.02 மேடு. அதனால் ஃபிக்ஸ்சரை பிளாக்கனிங் (துருவைத் தடுக்கும் கறுப்புப் பூச்சு) செய்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஜாவைக் கழற்றி, போல்ட் துளைகளில் காற்று அடித்து, சாய்முகங்களில் மெல்லிய எண்ணெய் பூசி, எண்ணெய்த் தாளில் சுற்றி வைக்கிறோம். திங்கட்கிழமை காலை முதல் ஜாப் மாட்டும் முன் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும்.